எந்தச் சார்ஜரையும் ஏற்காத சார்ஜ் ஃபேன்: ஒரு டைப்-சி திருத்தப் பதிவு

பக்கத்து வீட்டு மாமியின் சார்ஜ் ஃபேன் இப்போது எந்த டைப்-சி சார்ஜரிலும் ஏறுகிறது. வயரை எந்தப் பக்கம் புரட்டிச் செருகினாலும் ஏறுகிறது, ஆட்டினாலும் அறுபடவில்லை. அளவுகள் குறித்து வைத்த தாள் தொலைவதற்கு முன் எழுதி வைக்கிறேன்.

ஃபேன் 2022இல் வாங்கியது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்தோம். அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சார்ஜ் ஃபேன் கிடைத்ததே பெரிய விஷயம். பெட்டியில் என்ன பேர் போட்டிருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? பிறகு மின்வெட்டு குறைய, ஃபேன் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இறக்கினார்கள். அன்றிலிருந்து கரைச்சல்.

"தம்பி, வயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாத்தான் சார்ஜ் ஏறுது. கையை எடுத்தா லைற் நிண்டுபோகுது" என்றார் மாமி. இன்னொரு குறையை அவருடைய மகன் சொன்னான். பெட்டியோடு வந்த வயரைத் தவிர வேறு எதிலும் ஏறாதாம். போனுக்கென்று வாங்கிய நல்ல சார்ஜரில், இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள வயரைப் போட்டால் ஃபேன் செத்த மாதிரிக் கிடக்குமாம். "டைப்-சி எண்டாலே இப்பிடித்தான் அண்ணை. பழைய சின்னப் பின் எவ்வளவோ நல்லம்" என்பது அவனுடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. 2014 ஓகஸ்டில் வெளியான டைப்-சி வரையறை கவனமாக யோசித்து எழுதப்பட்டது. பிளக்கை இறுக்கிப் பிடிக்கிற வில்லுகளை வயர்ப் பக்கம் வைத்தார்கள். தேய்வது மலிவான வயராக இருக்கட்டும், சாமானுக்குள் ஈயம் வைத்த சொக்கெற் தேயக்கூடாது என்பதுதான் கணக்கு. செருகிக் கழற்றுவது பத்தாயிரம் தரம் தாங்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆகவே மூன்று வருடத்தில், அதுவும் பாதிக்காலம் அலுமாரிக்கு மேலே கிடந்த ஃபேனின் சொக்கெற் ஆடுகிறதென்றால், பிழை செய்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

கழற்றுவது சுலபம். பின்மூடியில் நான்கு ஆணி, ரப்பர்க் கால்களுக்கு அடியில் இரண்டு. உள்ளே இரண்டு 18650 உருளைப் பற்றறி, டிபி4056 சார்ஜ் சிப் வைத்த சின்ன மின்சுற்றுப் போட், அதன் ஓரத்தில் ஆறு பின் டைப்-சி சொக்கெற். முதல் வேலையாகப் பற்றறி வயரைக் கழற்றி முனைக்கு ரேப் சுற்றினேன்.

சொக்கெற்றை நகை பார்க்கிற லென்ஸால் பார்த்தேன். மேலே பார்க்கக் குறை தெரியவில்லை. போட்டைப் புரட்டினால் அடியில் நான்கு ஈயக் குமிழ், உருண்டையாக, பளபளவென்று. சொக்கெற்றை மேலே பிடித்துக் குறட்டால் மெல்ல ஆட்டினேன். சொக்கெற் ஆடியது, அடியில் குமிழ் நான்கும் அசையவேயில்லை. அதாவது போட்டின் துளைகளுக்குள் இறங்கிச் சொக்கெற்றைப் பிடித்து நிற்க வேண்டிய கால்களுக்கும் அந்த ஈயத்துக்கும் தொடர்பே கிடையாது.

ஏன் என்று வேர்னியர் அளவுகோலை வைத்ததும் தெரிந்தது. போட்டின் தடிப்பு 1.6 மில்லிமீற்றர். சொக்கெற்றின் கால் 1.1 மில்லிமீற்றர். அது மெல்லிய போட்டுக்கென்று செய்த சொக்கெற். கால் துளைக்குள் பாதி வழியில் நின்றுவிட்டது. அடியில் வைத்த ஈயம் துளையின் வாயை மூடிக் குமிழாகிவிட்டது, கால் வரைக்கும் ஏறவில்லை. ஆக, ஒவ்வொரு தரமும் வயரைச் செருகி இழுக்கும் பலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவை முன்னால் உள்ள ஆறு மெல்லிய பின்கள்தான். அவை கறண்ட் கடத்த வைத்தவை, பாரம் தாங்க அல்ல. ஒட்டுக்குப் பயன்படுகிற கால் நான்கும் சும்மா தொங்கிக்கொண்டு நின்றிருக்கின்றன.

முதலில் புது சொக்கெற் போடாமலே சமாளிக்கலாம் என்று பார்த்தேன். மேலிருந்து பிளக்ஸ் (ஈயத்தை ஓட வைக்கிற பசை) விட்டு, ஈயம் வைக்கிற கூர் முனை அயனால் சூடாக்கி, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஈயத்தை இறக்கினேன். பிடித்தது. ஃபேனைக் கொடுத்தும் விட்டேன். கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. ஆட்டம் இல்லை, ஆனால் பழையபடி வயரை ஒரு பக்கம் சரித்துப் பிடிக்க வேண்டியிருந்தது. லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் உள்ள தரைப் பின்னின் (கறண்ட் திரும்பிப் போகிற பின்) செம்புத் தடம் போட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. முன்பு ஆடிய ஆட்டத்தில் போனது அது. அதைவிட முக்கியமாக, சொக்கெற்றின் வாயே அகன்றுவிட்டிருந்தது.

வாயின் அளவு வரையறைப்படி 8.34க்கு 2.56 மில்லிமீற்றர். அதற்குள் போகிற பிளக் 8.25க்கு 2.40. இடைவெளி எவ்வளவு குறைவு பாருங்கள். இந்த ஃபேனில் வாய் 8.52க்கு 2.74. காரணம், உறை ஒரே தகட்டை வளைத்துச் செய்தது. இரண்டு ஓரமும் சந்திக்கிற இடத்தில் ஒட்டு இல்லை, ஒரு பூட்டுப் பல்லும் இல்லை, சும்மா முட்டிக்கொண்டு நிற்கின்றன. வயரைச் சரித்துச் சரித்துப் பிடிக்க, வாய் திறந்துகொண்டே போயிருக்கிறது.

செத்துப்போன ஒரு போனின் சார்ஜ் போட்டிலிருந்து கழற்றிய சொக்கெற் மேசையில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது. போன் சொக்கெற்றின் நடு நாக்குக்குள் ஒரு உருக்குத் தகடு போகிறது. நாக்கின் இரண்டு ஓரத்திலும் அந்தத் தகட்டின் விளிம்பு மின்னுவதை லென்ஸில் காணலாம். பிளக்கின் பக்க வில்லுகள் வந்து கௌவுவது அந்த விளிம்பைத்தான். 'டக்' என்று பிடிக்கிற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. ஃபேன் சொக்கெற்றின் நாக்கில் தகடே இல்லை, முழுக்க பிளாஸ்ரிக். ஓரம் இரண்டும் வில்லு அராவி, சப்பிய பல்லுக்குச்சி மாதிரி இருந்தது.

சரி, புது சொக்கெற் வாங்குவோம் என்று யாழ் நகருக்குள் ஒரு கடையில் பத்து உள்ள பக்கெற் ஒன்று எடுத்தேன், 320 ரூபா. வீட்டுக்கு வந்து அளந்தால் பத்தும் பத்து விதம். வாயின் உயரம் 2.52 இல் இருந்து 2.66 வரை. ஒன்றில் நாக்கு நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி இருந்தது. அதில் பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் இறுக்கம், புரட்டினால் தளர்வு. எதிலும் நடுத்தகடு இல்லை. கால்களும் 1.1தான். அதாவது அதே சொக்கெற், அதே கதை. பக்கெற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், பழகுகிற பிள்ளைகளுக்கு ஈயம் பிடிக்கக் கொடுக்கலாம்.

பிறகு கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற ஒரு இடத்தில் ஒன்லைனில் தேடினேன். விலையைப் பார்க்காமல், அளவுப் படம் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். படத்தில் கால் நீளம் 1.7 என்று இருந்த ஒன்றைத் தெரிவு செய்தேன். ஒன்று 95 ரூபா, ஐந்து வாங்கினால்தான் அனுப்புவார்கள், அனுப்புச் செலவு 400. வந்ததை அளந்தால் ஐந்தும் ஒரே அளவு, வாய் 2.56, கால் படத்தில் உள்ளபடியே 1.7. நாக்கின் ஓரத்தில் தகடு தெரிந்தது. ஒரு சொக்கெற்றுக்கு 32 ரூபாவுக்கும் 95 ரூபாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தொழிற்சாலை இலட்சக்கணக்கில் வாங்கும்போது அந்த வித்தியாசம் சில சதங்களாகத்தான் இருக்கும். பத்தாயிரம் ரூபாச் சாமானில் அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

பழையதைக் கழற்ற ஹொட் எயாரை (சூடான காற்று ஊதுகிற கருவி) 350 பாகையில் வைத்தேன். சுற்றியுள்ள சுவிட்சுக்கும் பிளாஸ்ரிக் பின்னுக்கும் மஞ்சள் வெப்ப ரேப் இரண்டு மடிப்பு. நான் விட்ட ஈயமும் தொழிற்சாலை ஈயமும் கலந்து கிடந்ததால் ஒரே நேரத்தில் இளகவில்லை. மேலே இன்னும் கொஞ்சம் ஈயம் விட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிய பிறகுதான் அசைந்தது. அவசரப்பட்டு இழுத்தால் மிச்சத் தடங்களும் சேர்ந்து வந்துவிடும். இந்த இடத்தில் பொறுமைதான் வேண்டும்.

புதியதின் ஆறு பின்னும் பழைய இடத்தில் சரியாக உட்கார்ந்தன. பின் கால் இரண்டுக்கும் துளை அரை மில்லிமீற்றர் தள்ளிப்போனது. 1 மில்லிமீற்றர் துளைப்பானைக் கையால் உருட்டி, துளையைப் பின்பக்கமாக நீட்டினேன். அப்படிச் செய்தால் துளையின் உள்பூச்சு போய்விடும், ஆகவே அடிப்பக்க வளையத்தில் ஈயம் நன்றாகப் பிடிக்கும்படி செம்பை லேசாகச் சுரண்டி விட்டேன். இந்த முறை கால் நுனி அடியில் எட்டிப் பார்த்தது. ஈயம் காலைச் சுற்றி ஏறிக் கூம்பாக நின்றது. உருண்டைக் குமிழ் என்றால் சந்தேகப்பட வேண்டும், கூம்பு என்றால் நம்பலாம். கிளம்பிய தரைத் தடத்துக்குப் பதில் 0.3 மில்லிமீற்றர் எனாமல் வயரால் ஒரு பாலம்.

இனி இரண்டாவது குறை. இதற்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆறு பின்னில் ஓரத்தில் இருப்பவை இரண்டும் தரை, அடுத்தவை இரண்டும் 5 வோல்ற், நடுவில் உள்ள இரண்டும் சிசி1, சிசி2 என்று சார்ஜருக்கு அடையாளம் காட்டுகிற பின்கள். இந்தப் போட்டில் நடுப் பின் இரண்டும் வெறும் செம்புத் துண்டில் முடிந்தன. அங்கிருந்து ஒரு தடமும் எங்கும் போகவில்லை.

டைப்-சி சார்ஜர் ஒரு மரியாதை பார்க்கிற சாதி. வயரைச் செருகினவுடன் 5 வோல்ற்றைத் தள்ளிவிடாது. மறுமுனையில் சிசி பின்னுக்கும் தரைக்கும் நடுவில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தெரிந்தால்தான் 'ஓ, கறண்ட் வாங்குகிற ஆள்' என்று எண்ணித் திறந்துவிடும். பழைய நீள்சதுர யூஎஸ்பி வாய் அப்படியில்லை, எந்நேரமும் 5 வோல்ற் நிற்கும். பெட்டியோடு வந்தது நீள்சதுரத்திலிருந்து டைப்-சிக்குப் போகிற வயர். அதனால்தான் அதில் மட்டும் ஏறியது. தொழிற்சாலையில் அந்த வயரைப் போட்டுப் பார்த்திருப்பார்கள், லைற் பத்தியிருக்கும், 'சரி' முத்திரை குத்திவிட்டார்கள்.

போட வேண்டியது இரண்டே இரண்டு ரெசிஸ்டர். கடையில் கேட்டால் ஒன்று ஐந்து ரூபாவுக்கும் வராது. பழைய மடிக்கணினிப் போட் ஒன்றில் '512' (அதாவது 5.1 கிலோ ஓம்) என்று எழுதிய, 1.6க்கு 0.8 மில்லிமீற்றர் அளவிலான இரண்டைக் கழற்றி எடுத்தேன். சின்னச் சாமானோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவர்கள் கால் வாற் ரெசிஸ்டரும் போடலாம். அதன் நிறக் கோடுகள் பச்சை, மண்ணிறம், சிவப்பு, தங்கம். காலை ஒட்ட வெட்டி வளைத்தால் இடம் காணும். ஒரு முனை சிசி1 இல், மறுமுனை தரையில். மற்றதற்கு அதே மாதிரி சிசி2 இல்.

இரண்டு பின்னையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். 2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4 கணினியில் அப்படித்தான் செய்திருந்தார்கள். சாதாரண வயரில் வேலை செய்தது. வயருக்குள்ளேயே அடையாளச் சிப் வைத்த விலைகூடிய வயரைப் போட்டால், அதில் உள்ள இன்னொரு ரெசிஸ்டரும் சேர்ந்து கணக்கைக் குழப்பியது. சார்ஜர் அதை ஒலிச் சாமான் என்று நினைத்துக் கறண்ட் கொடுக்க மறுத்தது. பின்னால் வந்த போட்டில் திருத்தினார்கள். பெரிய இடத்திலேயே நடந்ததென்றால் பேரில்லாத ஃபேனைச் சொல்லிக் குறையில்லை. ஆகவே தனித்தனியாக இரண்டு.

பற்றறியைக் கொழுவும் முன்னம், டைப்-சி பின்களை வெளியே எடுத்துக் காட்டுகிற சின்னச் சோதனைப் போட்டைச் செருகி மல்ரிமீற்றரால் அளந்தேன். சிசி1 இல் 5.09 கிலோ ஓம், சிசி2 இல் 5.12. 5 வோல்ற்றுக்கும் தரைக்கும் நடுவில் நேரடித் தொடர்பு இல்லை. பிறகு பற்றறி, பிறகு போன் சார்ஜர், இடையில் யூஎஸ்பி மீற்றர். முன்பு 0.00 காட்டிய இடத்தில் 5.12 வோல்ற், 0.94 அம்பியர். வயரைப் புரட்டினேன், அதே எண். மாமியின் மகன் பக்கத்தில் நின்றான். "இவ்வளவுதானா?" என்றான். இவ்வளவுதான்.

மூடியைப் பூட்டிவிட்டு வயரைச் செருகினால் மறுபடி ஆட்டம்! நடுத்தகடு வைத்த சொக்கெற்றில் 'டக்' வரவில்லை. மூடியைக் கழற்றினால் வருகிறது. பிளாஸ்ரிக் மூடியில் வெட்டியிருந்த துளை 10.4க்கு 5.2 மில்லிமீற்றர், சொக்கெற் அதற்குள் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி நிற்கிறது. வயரின் ரப்பர்த் தலை 12.35க்கு 6.5 வரை இருக்கலாம் என்று வரையறை இடம் கொடுக்கிறது. அந்தத் தலை இந்தத் துளைக்குள் போகாது, மூடியில் முட்டி நிற்கும். பிளக் முழுதாக உள்ளே இறங்காது.

அப்படியானால் பெட்டியோடு வந்த வயர் எப்படிப் போனது? அதன் மூக்கை, அதாவது உள்ளே செருகுகிற உலோக முனையை அளந்தேன். வழக்கமாக 6.65 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடத்தில் 8.3. மூடித் துளையைப் பெரிதாக்குவதற்குப் பதில் வயரின் மூக்கை நீட்டியிருக்கிறார்கள்! இந்த வயரை மாமி போனுக்கும் போட்டு வந்திருக்கிறார். போனில் அது முழுதாக இறங்காமல் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கை பட்டால் போன் சொக்கெற்றை நெம்பும்.

ஊசி அரத்தால் துளையை 12.8க்கு 6.9 ஆக அராவினேன். முதலில் தட்டை அரம், மூலைக்கு வட்ட அரம். சூடான கத்தியால் வெட்டலாம்தான், ஆனால் விளிம்பு உருகித் தடித்துவிடும், பிறகு அதையும் அராவ வேண்டும். இப்போது வீட்டில் உள்ள எல்லா வயரும் 'டக்' என்று உட்காருகின்றன.

சோதனைப் போட் கையில் இருந்ததால் வீட்டு வயர்களையும் ஒரு பார்வை பார்த்தேன். நீள்சதுர முனையுள்ள வயர்களில், பிளக்குக்குள் 5 வோல்ற்றுக்கும் சிசிக்கும் நடுவில் 56 கிலோ ஓம் இருக்க வேண்டும். 'இது பழைய வாய், பார்த்து இழு' என்று போனுக்குச் சொல்வது அதுதான். ஒன்றில் 10 காட்டியது. 10 என்றால் '3 அம்பியர் வரை தாராளமாக இழு' என்று பொருள். பழைய சார்ஜரிலும் மடிக்கணினி வாயிலும் அதைச் செருகினால், போன் கேட்கிற கறண்டைக் கொடுக்க முடியாமல் அந்தப் பக்கம் சூடேறும். வயரை வெளியில் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த வயர்தான் பின்னல் நூல் சுற்றிப் பார்க்க அழகாக இருந்தது.

இது புதிய வியாதி இல்லை. கூகுளில் வேலை செய்த பென்சன் லியூங் என்ற பொறியியலாளர் 2015இல் அமேசனில் விற்ற டைப்-சி வயர்களைத் தன்பாட்டில் வாங்கிச் சோதித்து எழுதத் தொடங்கினார். பலவற்றில் இதே 10 கிலோ ஓம் பிழை. 2016 பெப்ரவரியில் சோதித்த ஒன்றில் தரையும் 5 வோல்ற்றும் மாறியே ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய குரோம்புக் பிக்சல் மடிக்கணினியும் சோதனைக் கருவிகளும் சேர்ந்து போயின. அதன் பிறகுதான் அமேசன், வரையறைக்கு ஒத்துவராத டைப்-சி வயர்களை விற்கக்கூடாது என்று தடை போட்டது. எங்களூர்ச் சந்தியில் தொங்குகிற வயருக்கு அப்படி ஒரு காவல் கிடையாது, மல்ரிமீற்றர்தான் காவல்.

10 காட்டிய வயரையும் நீள மூக்கு வயரையும் நறுக்கிவிட்டேன். "நல்ல வயரைப் போய் வெட்டிப்போட்டியே" என்று மாமிக்குக் கொஞ்சம் கோபம். புது வயர் ஒன்று கொடுத்த பிறகும் அந்த மூக்கறுந்த வயரை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபேன் ஓடிய செய்தி பரவி, குருநகரில் இருந்து தெரிந்தவர் ஒருவர் கடலுக்குக் கொண்டுபோகிற தலை லைற் ஒன்றைக் கொண்டுவந்தார். அதே ஆறு பின், அதே ரெசிஸ்டர் இல்லாத நடு. கூடுதலாக உறை துருப்பிடித்து, 5 வோல்ற் பின் பச்சையாகக் கரைந்திருந்தது. உறை துருவேறாத உருக்கில் செய்ததென்றால் இப்படி மண்ணிறமாக உதிராது. பின்னில் தங்கப் பூச்சு பேருக்குத்தான் இருந்திருக்கும். உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது. ஈரக் கையோடும் உப்போடும் லைற்றை 5 வோல்ற்றில் செருகி விட்டால் அந்தப் பின் கரையத்தான் செய்யும். அவரும் சார்ஜரில் வயரை எந்நேரமும் கொழுவியே விடுகிறவர். நீள்சதுர வாய் என்றபடியால் சும்மா தொங்குகிற முனையிலும் 5 வோல்ற் நிற்கிறது, வயரின் பின்னும் பச்சை. இரண்டு முனையும் டைப்-சியாக இருந்தால் தொங்குகிற முனையில் கறண்டே இருக்காது. அந்த இரண்டு ரெசிஸ்டரை விட்டதால் இந்தப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விட்டது.

செலவுக் கணக்கு: நல்ல சொக்கெற் ஐந்து 475, அனுப்புச் செலவு 400, வீணாய்ப்போன பக்கெற் 320, சோதனைப் போட் 280, மாமிக்கு வயர் 750. மொத்தம் 2,225 ரூபா. ரெசிஸ்டரும் ஈயமும் பிளக்ஸும் கையில் இருந்தவை. இதே அளவு புது ஃபேன் ஒன்பதாயிரத்துக்குக் குறைய இல்லை, அதற்குள்ளும் இதே சொக்கெற்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த தரம் ஈயத்தைத் தொட்டுப் பார்த்துச் சமாளிக்கிற வேலையை விட்டுவிட்டு, போட் தடிப்பையும் கால் நீளத்தையும் முதலே அளந்து, குறைவென்றால் நேரே சொக்கெற்றை மாற்றுவேன். மூடியைப் போட்டபடி ஒரு தரம், கழற்றி ஒரு தரம் வயரைச் செருகிப் பார்ப்பதையும் தொடக்கத்திலேயே செய்வேன், மூடித் துளைப் பிரச்சினை அப்போதே பிடிபட்டிருக்கும். தலை லைற்றுக்கு மிச்சம் உள்ள நாலு சொக்கெற்றில் ஒன்றும் அப்படியே சரிவராது. அதன் போட் 0.8 மில்லிமீற்றர், 1.7 கால் அடியில் நீட்டிக்கொண்டு பற்றறியில் முட்டும். ஒதுக்கி வைத்த 320 ரூபாப் பக்கெற்றின் கால் நீளம் அதற்குப் பொருந்தும், ஆனால் நாக்கில் தகடு இல்லை. ஆகவே நீளக் காலை வெட்டி அராவி, அடியில் ஈயம் வைத்து, மேலே வெப்ப ரேப் ஒட்டிப் பார்க்கப்போகிறேன்.